ஜெட் ஸ்கி கப்பல் ஆகுமா? நீர் ஊர்திகளும் கடற்சட்டமும்

2004ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேமத் என்னும் ஊரை ஒட்டிய கடலில் ஒருவர் ஜெட் ஸ்கி ஓட்டிச் சென்றார். அங்கே அசையாமல் நின்றிருந்த மற்றொரு ஜெட் ஸ்கியின்மீது அவருடைய ஊர்தி வேகமாக மோதியது. நின்றிருந்தவர் கடுங்காயம் அடைந்தார். முன்னே யார் இருக்கிறார் என்று ஓட்டியவர் பார்க்கவில்லை என்பதில் ஐயம் இல்லை. அரசுத் தரப்பு அவர்மீது 1995ஆம் ஆண்டின் வணிகக் கப்பற்சட்டத்தின் 58ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர்ந்தது. கப்பலைச் செலுத்தும் தலைவரோ மாலுமியோ தம் கடமையைச் செய்யத் தவறி, அதனால் உயிருக்கு ஊறு விளைவித்தால் அது குற்றம் என்று அப்பிரிவு கூறுகிறது. விசாரணை நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் 2005 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கிவிட்டது.

நீக்கியதற்கான காரணம் கவனத்திற்குரியது. ஓட்டியவர் கவனமாக இருந்தார் என்று நீதிபதிகள் கூறவில்லை. அவர் ஓட்டியது கப்பல் அன்று என்று கூறினார்கள். கப்பல் இல்லையென்றால் கப்பல் தலைவர் இல்லை. கப்பல் தலைவர் இல்லையென்றால் கப்பற்சட்டத்தின் குற்றமும் இல்லை.

மொழியைக் கற்பிப்பவர்களும் கற்பவர்களும் இவ்வழக்கை அறிந்திருத்தல் நன்று. சொல்லுக்குப் பொருள் கூறுவது தேர்வுத் தாளோடு முடிந்துவிடும் வேலை என்று மாணவர் சிலர் எண்ணுகின்றனர். இங்கே ஒருவர் சிறை செல்வதும் செல்லாததும் ஒரு பெயர்ச்சொல்லின் எல்லையைப் பொறுத்திருந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் வளர்ந்தவை. ஆங்கில நீதிமன்றங்களின் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிடினும் மதிப்புடன் நோக்கப்படுகின்றன. ஆகவே இது எங்கோ நடந்த கதையாக மட்டும் நின்றுவிடாது.

ஊர்தியின் பெயர்

ஜெட் ஸ்கி என்பது ஜப்பானிய நிறுவனமாகிய கவாசாக்கியின் வணிகப் பெயர். கிளேட்டன் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரரின் வடிவமைப்பைத் தழுவி, 1973இல் அந்நிறுவனம் நின்றுகொண்டு ஓட்டும் ஊர்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்கள் அமர்ந்து ஓட்டும் ஊர்திகளை வேறு பெயர்களில் விற்றபோதும், மக்கள் வாயில் முதற்பெயரே நிலைத்தது. ஒளிநகல் எடுப்பதை ஜெராக்ஸ் எடுப்பது என்று நாம் சொல்லுவதைப் போன்றதே இது. சட்டநூல்கள் வணிகப் பெயரை ஆளமாட்டா. அவை தனிநபர் நீர்க்கலம் என்னும் பொருள்படும் சொற்றொடரை ஆளுகின்றன. இக்கட்டுரையில் வழக்குப் பெயரையே பயன்படுத்துகிறேன். சட்டப் பெயர் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே அது வரும்.

சுக்கான் இல்லாத கலம்

சட்டத்திற்குள் நுழையுமுன் அந்த ஊர்தி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதனை அறியாதவர்க்கு விதிகள் வெறும் தடைகளாகத் தோன்றும்.

விசைப்படகின் பின்புறத்தில் நீருக்கடியில் சுழலும் விசிறி உண்டு. திசை திருப்பச் சுக்கான் உண்டு, அல்லது விசிறியே திரும்பும். ஜெட் ஸ்கியில் வெளியே சுழல்வது எதுவும் இல்லை. அடிப்பகுதியில் உள்ள கம்பித்தட்டியின் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே சுழலும் உந்துசக்கரம் அந்நீரை அழுத்திப் பின்புறக் குழல்முனை வழியே பீய்ச்சுகிறது. பின்னோக்கிப் பாயும் நீரின் எதிர்விசை ஊர்தியை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைக் கற்பிக்கும் இயற்பியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கைப்பிடியை இடமோ வலமோ திருப்பினால் குழல்முனை திரும்புகிறது, நீர்ப்பாய்ச்சலின் திசை மாறுகிறது, ஊர்தி வளைகிறது.

விசையும் திசையும் ஒரே நீர்ப்பாய்ச்சலிலிருந்து வருகின்றன என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. அதன் பெரிய ஆபத்தும் அதுவே. முடுக்கியிலிருந்து விரலை எடுத்துவிட்டால் நீர்ப்பாய்ச்சல் குறைந்துவிடும். நீர்ப்பாய்ச்சல் இல்லாதபோது கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லை. ஊர்தி தான் சென்றுகொண்டிருந்த நேர்கோட்டிலேயே, பெற்றிருந்த உந்தத்தால் தொடர்ந்து செல்லும்.

சாலையில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிப் பழகியவர் முன்னே தடை ஒன்றைக் கண்டால் என்ன செய்வார்? முதலில் வேகத்தைக் குறைப்பார்; உடனே கைப்பிடியைத் திருப்புவார். ஆண்டுக் கணக்கில் உடம்பு கற்ற பாடம் அது. அதே பாடத்தை ஜெட் ஸ்கியில் செய்தால், எதைத் தவிர்க்க விரும்பினாரோ அதன்மீதே நேராகச் சென்று மோதுவார். தடையிலிருந்து விலக வேண்டுமாயின் முடுக்கியை விட்டுவிடாமல் திருப்ப வேண்டும். அச்சத்தின் நடுவே இவ்வாறு செய்வது இயல்புக்கு மாறானது. பயிற்சி இல்லாமல் எவராலும் இது இயலாது. புதியவர் ஒருவரை ஐந்து நிமிட விளக்கத்தோடு நீரில் இறக்கிவிடும் வாடகை வழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே எழுகிறது.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்றைய ஊர்திகள் பல மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லவல்லவை. அவ்வளவு வேண்டாம், மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொள்வோம். அது நொடிக்கு 20 மீட்டர். ஓட்டுபவர் திடுக்கிட்டு, முடிவெடுத்து, கையை அசைப்பதற்குள் மூன்று நொடி கழிந்தால் 60 மீட்டர் கடந்துவிடும். நீந்துபவரின் தலை அலைகளுக்கிடையே எத்தனை மீட்டர் தொலைவில் தெளிவாகத் தெரியும் என்பதைக் கடற்கரையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். 2009 முதல் சில நிறுவனங்கள் நீர்ப்பாய்ச்சலை முன்னோக்கித் திருப்பிவிடும் தடுப்பமைப்புகளைப் பொருத்தி வருகின்றன. அவை பயனுள்ளவை. ஆயினும் வாடகைக்கு விடப்படும் பழைய ஊர்திகள் எல்லாவற்றிலும் அவை இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஒரு சொல்லின் வரலாறு

இனி நீதிமன்றத்திற்குத் திரும்புவோம். கப்பல் என்றால் என்ன என்னும் வினா புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வணிகக் கப்பற்சட்டம், கப்பல் என்னும் சொல் துடுப்பால் செலுத்தப்படாத, கடற்செலவில் பயன்படும் எல்லா வகைக் கலங்களையும் உள்ளடக்கும் என்றது. அக்காலத்தவர் மனத்தில் கப்பலுக்கும் படகுக்கும் இடையே நின்ற எல்லைக்கோடு துடுப்புத்தான். பிற்காலத்தில் துடுப்பு பற்றிய சொற்கள் நீக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 313ஆம் பிரிவில் எஞ்சியிருப்பது, கடற்செலவில் பயன்படும் எல்லா வகைக் கலங்களும் என்பதே. கடற்செலவு என்று நான் தமிழாக்கிய ஆங்கிலச் சொல், கலத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு வழியறிந்து செலுத்துவதைக் குறிக்கும். இச்சொல்தான் சிக்கலின் முடிச்சு.

1893இல் சவுத்போர்ட் நகரில் செயற்கை ஏரி ஒன்றில் பயணிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டிய மின்படகு ஒன்றைப் பற்றி வழக்கு எழுந்தது. பயணிகள் கப்பலுக்குரிய சான்றிதழ் அதற்கு வேண்டுமா என்பது வினா. நீதிமன்றம் வேண்டாம் என்றது. குளத்தைப் போன்ற சிறு நீர்ப்பரப்பில் சுற்றிவருவது கடற்செலவு ஆகாது என்பது அதன் கருத்து. படகின் அமைப்பைவிட அது செய்த வேலையின் தன்மையையே நீதிபதிகள் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1992இல், ஜெட் ஸ்கி ஒன்றும் விசைப்படகு ஒன்றும் மோதிய வழக்கு இலண்டன் கடல்வழக்கு நீதிமன்றத்திற்கு வந்தது. காயமுற்றவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தபோது இரண்டாண்டு கடந்திருந்தது. கலங்கள் மோதிக்கொண்ட வழக்காயின் இரண்டாண்டுக்குள் தொடுத்திருக்க வேண்டும். பொதுவான உடற்காய வழக்காயின் மூன்றாண்டு வரை காலம் உண்டு. எனவே ஜெட் ஸ்கி கலமா இல்லையா என்பதைப் பொறுத்தே அவருடைய உரிமை நின்றது.

நீதிபதி ஷீன் இரண்டு வகையாக ஆராய்ந்தார். முதலாவதாக, படகு என்பது உட்குழிந்த வடிவம் உடையது. அக்குழிவே மிதப்பைத் தந்து ஆளையும் பொருளையும் தாங்குகிறது. ஜெட் ஸ்கி அவ்வாறு அமையவில்லை என்றார். இரண்டாவதாக, நீரின்மீது நகர்வது எல்லாம் கடற்செலவு ஆகாது. திட்டமிட்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதே கடற்செலவு. ஜெட் ஸ்கியின் நோக்கம் எங்கும் போய்ச் சேருவதன்று என்றார். காயமுற்றவரின் வழக்கு காலங்கடந்ததாகாமல் பிழைத்தது.

விந்தை என்னவென்றால், 1992இல் காயமுற்றவரைக் காத்த அதே விளக்கம் 2005இல் காயப்படுத்தியவரைக் காத்தது. விளையாட்டாக நீரில் சுற்றித் திரிவதற்கே பயன்படும் ஊர்தி, போகுமிடம் ஒன்றை நோக்கிச் செலுத்தப்படாதது, கடற்செலவில் பயன்படுவதாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சட்டப்பிரிவு கோரும் கடலோடும் தகுதியும் அதற்கு இல்லை என்றும் கூறியது.

இத்தீர்ப்பைக் கண்டு சினம் கொண்டவர்கள் பலர். நான் அவர்களோடு சேரமாட்டேன். குற்றவியல் சட்டத்தில் ஒரு சொல்லை நீட்டிப் பொருள் கொள்ளத் தொடங்கினால் எவரும் பாதுகாப்பாக இருக்க முடியாது. இன்னது குற்றம் என்று மக்களுக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சொல் போதாதென்றால் அதனை மாற்ற வேண்டியவர்கள் சட்டம் இயற்றுவோர். அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட காலந்தான் குறை கூறத்தக்கது; அதனைப் பின்னர்க் காண்போம்.

மாணவர்கள் வகுப்பில் வாதிட்டுப் பார்க்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் பயணிகள் ஜெட் ஸ்கிகளில் வரிசையாகத் தீவுவிட்டுத் தீவு செல்கின்றனர். வழிகாட்டி முன்னே செல்கிறார். புறப்படும் இடமும் சேரும் இடமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலை அப்படியே வைத்தால் இது கடற்செலவுதானே? அங்ஙனமாயின் ஒரே ஊர்தி கரையோரம் வட்டமிடும்போது விளையாட்டுப் பொருளாகவும் தீவுக்குச் செல்லும்போது கப்பலாகவும் ஆகிவிடும். பொருளின் தன்மையை விட்டுப் பயன்பாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும் வரையறைக்கு நேரும் இடர்ப்பாடு இது.

பயன்படும், பயன்படத்தக்க

உலகக் கடல்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான மோதல் தடுப்பு விதிகள் உண்டு. 1972இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தவை அவை. அவற்றின் மூன்றாம் விதியும் கலம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. நீரில் போக்குவரத்துக்குப் பயன்படும், அல்லது பயன்படத்தக்க, எல்லா வகை நீர் ஊர்திகளும் கலமே என்பது அதன் கருத்து. நீரில் இறங்கும் வானூர்தியைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

இரண்டு வரையறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலக் கப்பற்சட்டம் பயன்படும் என்பதோடு நின்றது. பன்னாட்டு விதி பயன்படத்தக்க என்பதையும் சேர்த்துக்கொண்டது. தமிழில் இவ்வேறுபாடு தக்க என்னும் ஒரு சிறு சொல்லில் அடங்கிவிடுகிறது. பயன்படும் என்னும்போது ஓட்டுபவர் அன்று என்ன நோக்கத்தோடு சென்றார் என்று ஆராய வேண்டியுள்ளது. பயன்படத்தக்க என்னும்போது ஊர்தியின் ஆற்றலைப் பார்த்தாலே போதும். ஜெட் ஸ்கி ஓர் ஆளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லவல்லது. அவ்வளவில் அது கலம்.

மொழிபெயர்ப்புப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் இங்கே சற்று நின்று செல்லலாம். இவ்விதிகளைத் தமிழாக்கும்போது மாணவர் பெரும்பாலோர் கப்பல் என்றே எழுதுவர். அது பிழையான தேர்வு. கப்பல் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது பெரிய மரக்கலமோ சரக்குக் கப்பலோதான். ஜெட் ஸ்கி ஓட்டும் இளைஞர் அவ்விதியைப் படித்தால், இது எனக்குரியதன்று என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். கலம் என்னும் சொல்லோ விரிந்தது. உண்கலம், அணிகலம், மரக்கலம் என்று பழங்காலம் தொட்டு வழங்கி, இன்று விண்கலம் வரை வந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் பாத்திரத்தையும் கப்பலையும் ஒரே சொல்லால் குறிப்பது நோக்கத்தக்கது. தோணி, ஓடம், பரிசல், தெப்பம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு சொல்லில் அடக்க வேண்டுமாயின் நமக்குக் கலமே உண்டு. உட்குழிவு இல்லாததால் ஜெட் ஸ்கி படகாகாது என்று ஷீன் கருதியதைக் கண்டோம். தெப்பத்திற்கும் உட்குழிவு இல்லை. ஆயினும் ஆளைத் தாங்கிச் செல்லும் அதனைக் கலங்களின் வரிசையில் சேர்க்க நாம் தயங்குவதில்லை.

கலம் என்று ஒப்புக்கொண்டால் அதனைச் செலுத்துபவர் மீகாமன் ஆகிறார். நீச்சலுடையும் உயிர்காப்புச் சட்டையும் அணிந்து கடற்கரையில் நிற்கும் பதினேழு வயது மாணவரை மீகாமன் என்று அழைத்தால் நகைப்பார். ஆனால் பன்னாட்டு விதிகளின் கண்ணில் அவருக்கும் பெரிய சரக்குக் கப்பலின் தலைவருக்கும் அடிப்படைக் கடமைகள் ஒன்றே.

மீகாமனின் கடமைகள்

அக்கடமைகளுள் முதலாவது ஐந்தாம் விதி: கண்ணாலும் காதாலும் கிடைக்கும் பிற வழிகளாலும் இடையறாது சுற்றிலும் கவனித்தல். ஜெட் ஸ்கியில் இது கடினம். என்ஜின் இரைச்சல் காதை அடைக்கிறது. தெறிக்கும் நீர் கண்ணை மறைக்கிறது. அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் நீர்மட்டத்திற்குச் சற்றே மேலே உள்ளது. ஆகவே திரும்புமுன் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது இன்றியமையாதது. வேமத் விபத்தில் தவறியது இதுவே. ஆறாம் விதி பாதுகாப்பான வேகம் பற்றியது. அது எண் எதனையும் குறிப்பிடவில்லை. பார்வைத் தெளிவு, நெரிசல், அலை, ஊர்தி திரும்பும் திறன் ஆகியவற்றை எண்ணி ஓட்டுபவரே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். முடுக்கியை விட்டால் திரும்பாத ஊர்திக்குப் பாதுகாப்பான வேகம் எது என்பதை மேலே கண்ட கணக்கைக் கொண்டு மாணவர்கள் சிந்திக்கலாம். உள்ளூர் விதிகள் கரையோரங்களில் உச்சவேகத்தை எண்ணிலேயே வகுப்பதுண்டு. மஞ்சள் மிதவைகளால் குறிக்கப்பட்ட நீச்சற்பகுதிக்குள் நுழையவே தடை விதிப்பதும் உண்டு. சிட்னித் துறைமுகத்திலோ ஜெட் ஸ்கியே கூடாது.

இரு விசைக்கலங்கள் எதிரெதிராக வந்தால் இரண்டும் வலப்புறம் விலகி, ஒன்றையொன்று இடப்புறமாகக் கடக்க வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது தலைகீழ். குறுக்கே வரும் கலம் நம் வலப்புறத்தில் தென்பட்டால் வழிவிட வேண்டியவர் நாம். அதன் முன்பக்கமாகக் குறுக்கிடாமல் பின்புறமாகச் செல்ல வேண்டும். முந்திச் செல்பவரே விலகிச் செல்ல வேண்டும். பாய்மரக் கலத்திற்கும் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்திற்கும் விசைக்கலம் வழிவிட வேண்டும். சூரியன் மறைந்தது முதல் எழும்வரை கலங்கள் விளக்கு ஏற்றியிருக்க வேண்டும். பெரும்பாலான ஜெட் ஸ்கிகளில் விதிப்படியான விளக்குகள் இல்லை. ஆகவே அவை பகலுக்கு மட்டும் உரியவை.

சிங்கப்பூர் நீரிணைக்கு வரும்போது ஒன்பதாம், பத்தாம் விதிகள் பெரிதாகின்றன. 20 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள கலம், குறுகிய கால்வாயில் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கலத்திற்கு இடையூறாக இருத்தல் ஆகாது. போக்குவரத்துத் தடத்தில் செல்லும் விசைக்கப்பலுக்கும் அவ்வாறே. இவ்விதியின் பொருளை உணர வேறொரு பன்னாட்டு விதியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கடலில் உயிர்காப்பு உடன்படிக்கையின்படி, பெரிய கப்பலின் மேடையில் நிற்பவருக்கு முன்முனைக்கு அப்பால் கடல்மட்டம் மறைக்கப்படலாம். அம்மறைவு இரண்டு கப்பல் நீளத்தையோ 500 மீட்டரையோ, இவற்றுள் குறைவானதை, மீறலாகாது. அதாவது கொள்கலன்களை அடுக்கிச் செல்லும் கப்பல் ஒன்று சட்டத்தை முற்றும் கடைப்பிடித்த நிலையிலும் தனக்கு முன்னே 500 மீட்டர் வரை கடலைக் காணாமல் செல்லலாம். அப்பரப்பினுள் ஜெட் ஸ்கி நின்றுபோனால் கப்பலில் இருப்பவர்க்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவ்வளவு பெரிய கப்பலை அத்தொலைவுக்குள் நிறுத்தும் ஆற்றல் எவருக்கும் இல்லை.

எனவேதான் சிங்கப்பூரில் ஜெட் ஸ்கி உட்பட விசையால் இயங்கும் உல்லாசக் கலத்தை ஓட்டுபவர், கடல்துறை துறைமுக ஆணையத்தின் ஓட்டுநர் உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேலே விளக்கிய விதிகள் அத்தேர்வின் பாடங்களே. மூன்று குறும் ஒலி என்றால் கப்பலின் என்ஜின் பின்னோக்கி இயங்குகிறது என்பதும், ஐந்து குறும் ஒலி என்றால் உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை என்பதும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஐந்து ஒலி கேட்டுக் கையசைத்து மகிழ்பவர் அப்பாடத்தைப் படிக்காதவர்.

உடையும் கயிறும்

ஜெட் ஸ்கியோடு வரும் சுருள்கயிறு பார்ப்பதற்கு எளிய பொருள். அதன் ஒரு முனை என்ஜினின் நிறுத்துவிசையில் மாட்டப்படுகிறது. மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ உயிர்காப்புச் சட்டையிலோ கட்டப்படுகிறது. அவர் விழுந்தால் கயிறு விடுபட்டு என்ஜின் நின்றுவிடும். ஆளில்லாத ஊர்தி நீந்துபவர்கள்மீது பாயாது; விழுந்தவரை நடுக்கடலில் விட்டுவிட்டு ஓடியும் போகாது. கயிற்றைக் கையில் கட்டாமல் கைப்பிடியில் சுற்றிவிட்டு ஓட்டுவோர் உண்டு. அவர்களுக்கு அக்கயிறு இருந்தும் இல்லாததே.

உயிர்காப்புச் சட்டையைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உள்ளது. அவற்றின் மிதப்பாற்றல் நியூட்டன் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 50 நியூட்டன் உடையது நீந்தத் தெரிந்து, உதவி அருகில் இருப்பவர்க்கு உரியது. மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பும் வேலையை அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது. 150 நியூட்டன் உடையதோ அதற்கென்றே அமைந்தது. நீர் பட்டவுடன் தானே ஊதிக்கொள்ளும் வகைச் சட்டை படகுக்கு ஏற்றதாயினும் ஜெட் ஸ்கிக்கு ஏற்றதன்று. அலை தெறித்தாலே ஊதிக்கொண்டுவிடும். உள்ளே நுரைப்பொருள் வைத்துத் தைத்ததே இங்கு வேண்டும்.

பலரும் பேசக் கூசும் ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. பின்னிருக்கையில் அமர்பவர் பின்பக்கமாக விழுந்தால் பீய்ச்சும் நீரின் நேர்முன்னே விழுவார். அவ்வழுத்தம் உடலின் கீழ்ப்பகுதி வழியே உட்புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழிக்கவல்லது. சாதாரண நீச்சலுடை இதனைத் தடுக்காது. ஆகையால்தான் ஊர்தியில் ஒட்டப்பட்டுள்ள எச்சரிக்கைச் சீட்டு, தடித்த இரப்பர்த் துணியாலான நீருடையைக் கீழுடம்பில் அணியச் சொல்கிறது. அச்சீட்டைப் படிப்பவர் மிகச் சிலர். ஊர்தி கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்பதும் பின்புறத்தில் அம்புக்குறியோடு குறிக்கப்பட்டிருக்கும். மாற்றிப் புரட்டினால் என்ஜினுக்குள் நீர் புகுந்துவிடும்.

சொல் திருத்தப்படுதல்

2005ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் பிரிட்டனில் ஜெட் ஸ்கி ஓட்டுபவர்களைக் கட்டுப்படுத்த ஊராட்சிகளும் துறைமுகங்களும் இயற்றிய உள்ளூர் விதிகளே பெரிதும் எஞ்சின. ஓர் ஊரில் தடை செய்யப்பட்டது அடுத்த ஊரில் தடையின்றி நடந்தது. 2020இல் வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணையில் நடந்த ஜெட் ஸ்கி விபத்தில் ஒரு பெண் உயிரிழந்தார். அதன்பின்னர்ச் சட்டத்தின் இடைவெளி மீண்டும் பேசப்பட்டது. 2023 மார்ச் 31 அன்றுதான் புதிய ஆணை நடைமுறைக்கு வந்தது. தீர்ப்புக்கும் ஆணைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

ஆணையை எழுதியவர்கள் ஒரு நல்ல வழியைக் கண்டார்கள். கப்பல் என்னும் சொல்லை நீட்டிப் பார்க்கவில்லை. அதனை அப்படியே விட்டுவிட்டு, நீர் ஊர்தி என்னும் பொருளுடைய வேறொரு சொல்லை அதன் அருகே நிறுத்தினார்கள். தன் பொறிவிசையால் நகரவல்லதாய், நீரில் இருப்பதாய், ஓர் ஆளையேனும் தாங்கிச் செல்லவல்லதாய் இருந்தால் அது நீர் ஊர்தி. கப்பல் தலைவருக்குரிய 58ஆம் பிரிவும் மோதல் தடுப்பு விதிகளும் அதனை ஓட்டுபவருக்கும் பொருந்தும். ஆபத்து விளைவிக்கும் வகையில் ஓட்டினால் இரண்டாண்டு வரை சிறையும் உச்சவரம்பில்லாத அபராதமும் விதிக்கப்படலாம். கடற்செலவு என்னும் சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை. எங்கே போகிறீர் என்று எவரும் கேட்கப் போவதில்லை.

இவ்வரையறை எதுவரை செல்லும் என்பதை வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம். மின்கல விசையால் நீருக்கு மேலே எழுந்து செல்லும் அலைச்சறுக்குப் பலகை, மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்வதால் உள்ளே வந்துவிடும். கையால் துழாவும் பலகைக்குப் பொறிவிசை இல்லை, ஆகவே வராது. நம் கடற்கரைகளில் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு ஜெட் ஸ்கி இழுத்துச் செல்லும் வாழைப்பழ மிதவைக்கும் சொந்த விசை இல்லை. அதன்மேல் அமர்ந்திருப்போர் எவரும் மீகாமன் அல்லர். அவர்களுள் ஒருவர் நீரில் விழுந்தால் அதனைக் கவனித்திருக்க வேண்டிய கடமை, முன்னே முதுகைக் காட்டிக்கொண்டு இழுத்துச் செல்பவரையே சேரும். அதனால்தான் அவர்க்குப் பின்னால், மிதவையை நோக்கி அமர்ந்து பார்த்துக்கொண்டே வர இன்னொருவர் வேண்டும்.